சித்தார்: மேற்கு கேட்டதும் நாம் கேளாததும்

சுமார் இருபது வருடங்களுக்கு முன்னர் மீலாத் விழா மலர் ஒன்றில் நான் எழுதிய கட்டுரையில் ஒரு வரி பிழையானது. சித்தாரைக் கண்டுபிடித்தவர் கவிஞர் அமீர் குஸ்ரூ என்று அதில் எழுதியிருந்தேன். எழுதும்போது எனக்கு எந்தச் சந்தேகமும் இருக்கவில்லை. பெருமைதான் இருந்தது. அந்த வரியைப் பின்னர் இரண்டு மேடைகளில் மற்றவர்கள் எடுத்துச் சொன்னார்கள். உயர்தர மாணவன் ஒருவன் தனது ஒப்படையிலும் சேர்த்துக்கொண்டான். அச்சில் போன பிழையை அச்சிலேயே திருத்துவதுதான் முறை. அதற்காகத் தொடங்கியதே இக்கட்டுரை. எழுதத் தொடங்கிய பின்னர், பிழையைவிட அந்தப் பிழைக்குள் நான் எப்படி வந்து சேர்ந்தேன் என்பதே பெரிய விடயமாகத் தெரிகிறது.

சித்தாரை அதுதான் சித்தார் என்று அறிந்து நான் முதலில் கேட்டது வினாயகபுரத்தில். 1982 ஆம் ஆண்டு. அக்கரைப்பற்றிலிருந்து பொத்துவில் வீதியில் தம்பிலுவிலையும் திருக்கோவிலையும் தாண்டி, கடலை இடதுபுறம் விட்டுக்கொண்டு சைக்கிள் மிதித்தால் வினாயகபுரம் வரும். எங்களுக்கு ஆங்கிலம் படிப்பித்த சேரின் வீடு அங்கேதான். லண்டனில் இருந்த உறவினர் ஒருவர் அவருக்குக் கசெட்டுகள் அனுப்புவார். அசல் கசெட்டுகள் அல்ல, அங்கே யாரோ பதிந்து அனுப்பியவை. ஒருநாள் சனிக்கிழமை வகுப்பு முடிந்ததும் சேர் ஒரு கசெட்டைப் போட்டார். அது பீட்டில்ஸ் குழுவினரின் ‘நோர்வீஜியன் வூட்’. கிட்டாருக்குப் பின்னால் இன்னொரு தந்தி இரைந்துகொண்டு வந்தது.

“இது ஹிந்திப் பாட்டுல வாறதுதானே சேர்?” என்று கேட்டேன்.

சேர் சிரித்தார். “அதேதான் தம்பி. லண்டன்காரன் கண்டுபிடிச்சத நீங்க கலியாண வீட்டு ஸ்பீக்கர்ல சின்னதுலயே கேட்டுட்டீங்க.”

கசெட்டின் மறுபக்கம் 1971 இல் நியூயோர்க்கில் நடந்த பங்களாதேஷ் இசை நிகழ்ச்சியின் தொடக்கப் பகுதி. ரவிசங்கர் சித்தார், அலி அக்பர் கான் சரோத், அல்லா ரக்கா தபேலா, கமலா சக்கரவர்த்தி தம்புரா. கருவிகளுக்குச் சுருதி சேர்த்து முடித்ததும் சனங்கள் பலமாகக் கைதட்டுகிறார்கள். சுருதி சேர்த்ததையே இவ்வளவு ரசித்தீர்களென்றால் வாசிப்பை இன்னும் ரசிப்பீர்கள் என்று நம்புகிறேன் என்ற கருத்தில் ரவிசங்கர் மெல்லச் சொல்கிறார். சேருக்கு அந்த இடம் மிகவும் பிடிக்கும். திரும்பத் திரும்பப் போடுவார். பிறகு என்னைப் பார்த்து, “ரவிசங்கரை எல்லாருக்கும் தெரியும். பக்கத்தில இருக்கிற ரெண்டு பேரும் உங்கட ஆக்கள்தானே தம்பி, நீங்க சொல்லுங்க அவங்களப் பத்தி” என்றார்.

எனக்கு ஒன்றும் தெரியாது. அன்று வந்த வெட்கம்தான் பிற்காலத்தில் பெருமையாக மாறி, அந்தப் பெருமை மலரில் பிழையான ஒரு வரியாக வந்து விழுந்தது.

அமீர் குஸ்ரூ (1253–1325) பற்றிய கதை இதுதான்: வீணையை எடுத்து, பாரசீக முறைப்படி மாற்றி, மூன்று தந்தி பூட்டி, ‘ஸேதார்’ என்று பெயர் வைத்தார். பாரசீகத்தில் ‘ஸே’ மூன்று, ‘தார்’ தந்தி. சொல்லின் பொருள் சரி. கதைதான் சரியில்லை. குஸ்ரூ ஏராளமாக எழுதியவர். இசை பற்றியும் எழுதியவர். தன் திறமையைத் தானே எடுத்துச் சொல்லக் கூச்சப்பட்டவருமல்லர். இப்படியொரு கருவியைச் செய்தவர் அதைப்பற்றி ஒரு வரியாவது எழுதாமல் விட்டிருப்பாரா? அவருடைய நூல்களில் அப்படி ஒன்றும் இல்லை. அவருக்குப் பின் ஏறக்குறைய நானூறு வருடங்களுக்குச் சித்தார் என்ற பெயரில் ஒரு கருவி இந்தியாவில் பேசப்படவும் இல்லை. 1738 தொடக்கம் 1741 வரை டில்லியில் தங்கியிருந்த தர்கா குலி கான், அந்நகரத்தின் பாடகர்களையும் கவிஞர்களையும் சூஃபிகளையும் பற்றிப் பாரசீகத்தில் எழுதிய குறிப்புகளில்தான் அது தலைகாட்டுகிறது. அந்த 18 ஆம் நூற்றாண்டு டில்லியில் குஸ்ரூ கான் என்றொரு இசைக்கலைஞர் இருந்தார். கியால் பாடல்களால் புகழ்பெற்ற நிஃமத் கான் ‘சதாரங்’கின் குடும்பத்தவர். சித்தாருடன் சேர்த்துச் சொல்லவேண்டிய குஸ்ரூ இவராகத்தான் இருக்கவேண்டும் என்பது இன்று ஆய்வாளர் பலர் ஏற்கும் முடிவு. அமெரிக்க ஆய்வாளர் அலின் மைனர் 1990களில் சித்தார், சரோத் ஆகியவற்றின் வரலாற்றை விரிவாக எழுதிய பின்னர் இதில் பெரிய வாதம் இல்லை. சிறிய குஸ்ரூவின் உழைப்பைப் பெரிய குஸ்ரூவின் கணக்கில் எழுதிவிட்டார்கள். நானும் எழுதினேன்.

மறுதரப்பிலும் ஒரு கதை உண்டு. சித்தார் பழைய திரிதந்திரி வீணையே, முஸ்லிம்கள் பெயரை மட்டும் மாற்றினார்கள் என்பார்கள். அதற்கும் வலுவான சான்று கிடையாது. நடந்தது எளிமையானது என்றே தெரிகிறது. ஈரானியப் பக்கத்திலிருந்து வந்த நீண்ட கழுத்துள்ள சிறிய தந்திக்கருவி ஒன்று இந்தியக் கைகளுக்குள் புகுந்து, நூற்றைம்பது வருடங்களில் அடையாளம் தெரியாமல் வளர்ந்துவிட்டது. வீணையிலிருந்தும் அது வாங்கிக்கொண்டது. வேடிக்கை என்னவென்றால், ஈரானில் இன்றும் ‘ஸேதார்’ உண்டு. பெயரில் மூன்று தந்தி, கருவியில் நான்கு.

சித்தாரின் வளர்ச்சியில் நாம் கவனிக்கவேண்டியது அதன் உள்வேலைப்பாடு. மேலே விரலில் அணிந்த மிஸ்ராபினால் தட்டும் ஆறேழு தந்திகள். அவற்றுக்குக் கீழே, யாரும் தட்டாமலே கூடவே அதிரும் பத்துப் பன்னிரண்டு ‘தரப்’ தந்திகள். வளைந்த உலோக மெட்டுகளை நூலால் கட்டியிருப்பதால் ராகத்துக்கேற்ப நகர்த்தலாம். தந்தியைப் பக்கவாட்டில் இழுத்தால் ஒரே மெட்டிலிருந்து நாலைந்து சுரங்கள் வழுக்கிக்கொண்டு வரும். இதற்கு ‘மீண்ட்’ என்று பெயர். தந்திகள் தட்டையான பாலத்தின்மேல் உரசிக்கொண்டு கிடப்பதால் எழும் இரைச்சல்தான் ‘ஜவாரி’. சேர் வீட்டில் நான் கிட்டாருக்குப் பின்னால் கேட்டது அதைத்தான். டில்லியின் மஸீத் கானும் லக்னோவின் குலாம் ரஸா கானும் வகுத்த வாசிப்பு முறைகள் ‘மஸீத்கானி’, ‘ரஸாகானி’ என்று இன்றும் அவர்கள் பெயராலேயே சொல்லப்படுகின்றன. இம்தாத் கான் (இறப்பு 1920), அவர் மகன் இனாயத் கான், பேரன் விலாயத் கான் என்று ஒரு குடும்பமே சித்தாரை மனிதக் குரல்போலப் பேசவைக்க மூன்று தலைமுறைகளைச் செலவழித்தது.

வாசித்தவர்களையாவது யாராவது சொல்வார்கள். செய்தவர்களைச் சொல்வதில்லை. மகாராஷ்டிரத்தின் மிராஜ் நகரில் வாளும் ஆயுதமும் தீட்டிய முஸ்லிம் கைவினைஞர் குடும்பங்கள், பிரித்தானியர் வந்து ஆயுதத் தேவை குறைந்தபோது தம்புராவும் சித்தாரும் செய்யத் திரும்பினார்கள். ஃபரீத் சாஹிப் என்பவரை முன்னோடியாகச் சொல்வார்கள். பண்டரிபுரம் பக்கத்துச் சுரைக்குடுக்கைகளைக் காயவைத்து, வெட்டி, மரக்கழுத்துப் பூட்டும் அந்த வேலையைப் பேரர்களும் பூட்டர்களும் செய்துகொண்டிருக்கிறார்கள். மிராஜ் சித்தாருக்கும் தம்புராவுக்கும் 2024 இல்தான் புவியியல் குறியீடு கிடைத்தது.

இனி, கலியாண வீட்டு ஸ்பீக்கருக்கு வருவோம்.

எங்கள் கரையில் இசைக்குப் பஞ்சமில்லை. நோன்பு இரவுகளில் சஹருக்கு எழுப்பும் பக்கீர் பாவாக்களின் தாயிரா, பொல்லடி, வயல்வெளிக் கவிகள் எல்லாம் இருந்தன. காரைதீவில் பிறந்த விபுலானந்த அடிகள், மறைந்துபோன யாழைச் சிலப்பதிகாரத்திலிருந்து தோண்டியெடுத்து ‘யாழ் நூல்’ எழுதி 1947 இல் வெளியிட்டார். அவர் பிறந்த ஊருக்கும் கல்முனைக்கும் இடையில் சில மைல்கள்தான். ஆனால் வட இந்தியத் தந்தி எங்களிடம் வானொலியால் மட்டுமே வந்தது. சிங்கள இசைக்கு அது வேறு வழியில் போனது. 1934 இல் தாகூர் வந்து ஹொரணையில் ஸ்ரீபாலிக்கு அடிக்கல் வைத்தார். சுனில் சாந்தவும் பின்னர் அமரதேவவும் லக்னோ போய்ப் படித்தார்கள். 1952 இல் லக்னோவின் ரத்தன்ஜங்கரே இங்கு வந்து இலங்கை வானொலிக் கலைஞர்களைத் தரம்பிரித்தார். தமிழர்கள் கர்நாடக சங்கீதத்தோடு நின்றார்கள். முஸ்லிம்கள்? சேலத்திலிருந்து வந்த மொஹிதீன் பேக் சிங்களத்தில் பௌத்த பக்திப் பாடல்களைப் பாடிப் புகழ்பெற்றார். முஹம்மத் கவுஸ் மாஸ்டர் சிங்களப் படங்களுக்கு இசையமைத்தார். எங்கள் கிழக்கில் இவர்களுடைய பெயர்களும் அதிகம் பேசப்படவில்லை.

அதே 1952 இல் டில்லியில் ஒன்று நடந்தது. இந்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சராக வந்த பி. வி. கேஸ்கர், சினிமாப் பாடல்கள் மலிவானவை என்று அகில இந்திய வானொலியிலிருந்து அவற்றை ஏறக்குறைய விரட்டினார். சாஸ்திரிய இசையும் முஸ்லிம் உஸ்தாதுகளின் கைக்குப் போய்த்தான் தாழ்ந்தது என்று கருதியவர் அவர். விரட்டப்பட்ட பாடல்கள் எங்கே போயின? கொழும்புக்கு. இலங்கை வானொலியின் ஹிந்திச் சேவையும் அமீன் சயானியின் ‘பினாக்கா கீத்மாலா’வும் அந்த வருடத்திலிருந்துதான் துணைக்கண்டம் முழுவதையும் புதன்கிழமை இரவுகளில் கட்டிப்போட்டன. எங்கள் ஊர்களில் ஹிந்தி ஒரு சொல்லும் விளங்காதவர்களும் ரஃபியைப் பாடினார்கள்.

அந்தப் பாடல்களில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். 1960 இல் வந்த ‘கோஹினூர்’ படத்தில் ராதையும் கண்ணனும் பற்றிய ஒரு பாடல் வரும். ஹமீர் ராகம். பாடியவர் முஹம்மத் ரஃபி, எழுதியவர் ஷகீல் பதாயூனி, இசை நௌஷாத், திரையில் சித்தார் வாசிப்பவர் திலீப் குமார் என்ற யூசுப் கான். உண்மையில் வாசித்தவர் அப்துல் ஹலீம் ஜாஃபர் கான். அந்தக் காட்சிக்காகத் திலீப் குமார் அவரிடம் சித்தார் கற்றுக்கொண்டார். கேஸ்கர் இதை எந்தப் பெட்டியில் போட்டிருப்பார்? அதை விடுங்கள். “இசை நம்முடையதல்ல” என்று கலியாண வீட்டு ஸ்பீக்கரை நிறுத்தச் சொன்ன எங்களூர்ப் பெரியவர்கள் எந்தப் பெட்டியில் போட்டிருப்பார்கள்? இசை ஆகுமா ஆகாதா என்ற வழக்குக்குள் நான் போகவில்லை. இமாம் கஸ்ஸாலி தமது ‘இஹ்யா’வில் ஸமாஃவுக்கென்று ஒரு பகுதியே எழுதியிருக்கிறார், அறிந்தவர்கள் அங்கே பார்க்கட்டும். ஃபத்வா எதுவானாலும் வரலாறு வரலாறுதான்.

மேற்கு நாடுகளில் சித்தார் எப்படி நுழைந்தது என்பதைப் பெரும்பாலும் ஹரிசனிலிருந்து தொடங்குவார்கள். பத்து வருடம் பின்னுக்குப் போகவேண்டும். வயலின் மேதை யெஹுதி மெனுஹின் 1955 இல் ரவிசங்கரை நியூயோர்க்குக்கு அழைத்தார். ரவிசங்கரால் போக முடியவில்லை. அவருக்குப் பதிலாகப் போனவர் அலி அக்பர் கான். நவீன கலை அருங்காட்சியகத்தில் அவர் வாசித்தார், அமெரிக்கத் தொலைக்காட்சியில் தோன்றினார். இந்திய சாஸ்திரிய இசைக்காக மேற்கில் வெளியான முதல் நீள இசைத்தட்டும் அவருடையதே. அதாவது கதவைத் தட்டியது சரோத். அடுத்த வருடம் அதே கதவால் சித்தார் உள்ளே போனது.

1960களின் நடுப்பகுதியில் மேற்கத்தைய இளைஞர் இசைக்கு ஒரு தாகம் இருந்தது. மூன்று நிமிடப் பாட்டு, மூன்று கிட்டார்க் கோர்வை என்பது அலுத்துவிட்டது. கிங்ஸ் குழுவின் ரே டேவிஸ் 1965 இல் பம்பாயில் தங்கியபோது, காலையில் கடலுக்குப் போகும் மீனவர்களின் பாட்டைக் கேட்டார். அந்த இழுவை ‘சீ மை ஃப்ரெண்ட்ஸ்’ என்ற பாட்டில் வந்து சேர்ந்தது. கரைவலை இழுக்கும் பாட்டைக் கேட்டு வளர்ந்த எங்களுக்கு இதில் ஆச்சரியமில்லை. யார்ட்பேர்ட்ஸ் குழு அதே வருடம் ஒரு பாட்டுக்குச் சித்தார் கலைஞர் ஒருவரை அழைத்துப் பார்த்துவிட்டு, கடைசியில் ஜெஃப் பெக்கின் கிட்டாரையே சித்தார்போல முழங்கவைத்தது.

ஜோர்ஜ் ஹரிசன் சித்தாரைத் தொட்டதும் 1965 இல்தான். ‘ஹெல்ப்’ படப்பிடிப்பில், இந்திய உணவகக் காட்சியொன்றில், வாத்தியக்காரர் வைத்திருந்த சித்தாரை அவர் எடுத்துப் பார்த்தார். பின்னர் லண்டன் ஒக்ஸ்ஃபோர்ட் வீதியிலுள்ள கடையொன்றில் சாதாரண சித்தார் ஒன்றை வாங்கினார். ஒக்டோபரில் ‘நோர்வீஜியன் வூட்’ பதிவானது. தந்தி அறுந்தபோது புதுத் தந்திக்கு அவர்கள் தேடிப்போனது ‘ஏசியன் மியூசிக் சர்க்கிள்’ என்ற சிறிய அமைப்பை. அயனா அங்காடி என்ற இந்தியரும் அவரது ஆங்கிலேய மனைவி பட்ரீசியாவும் 1946 இலிருந்து அதை நடத்தி வந்தார்கள். அவர்கள் மூலமாகத்தான் 1966 ஜூனில் ஹரிசன் ரவிசங்கரைச் சந்தித்தார். அவ்வருடம் செப்டெம்பரில் பம்பாய்க்கும் கஷ்மீருக்கும் போய் அவரிடம் பாடம் கேட்டார்.

அதற்குள் காட்டுத்தீ பரவிவிட்டது. ரோலிங் ஸ்டோன்ஸின் ‘பெயின்ட் இட் பிளாக்’கில் பிரையன் ஜோன்ஸ் வாசித்த சித்தார் 1966 இல் பிரித்தானியாவிலும் அமெரிக்காவிலும் முதலிடத்தில் நின்றது. பேர்ட்ஸ் குழுவோடு ‘ராகா ரொக்’ என்று ஒரு பெயரும் புழக்கத்துக்கு வந்தது. 1967 இல் வந்த கோரல் மின் சித்தார் கிட்டார்க்காரர் எவரும் வாசிக்கக்கூடிய கருவி. தட்டையான பாலம் மட்டும் சித்தாருடையது. ‘ஹூக்ட் ஒன் எ ஃபீலிங்’ (1968), ஸ்டீவி வொண்டரின் ‘சைன்ட், சீல்ட், டெலிவர்ட்’ (1970) ஆகியவற்றின் தொடக்கத்தில் கேட்பது அதுதான்.

இவற்றில் பெரும்பாலானவற்றில் மேற்கு எடுத்துக்கொண்டது ஜவாரியின் இரைச்சலையும் அடியில் ஓயாமல் ஒலிக்கும் ஒரே சுரத்தையும் மட்டுமே. ஆலாபனையை எடுக்கவில்லை. தாளத்தைத் தொடவேயில்லை. இதில் பெரிய விதிவிலக்கு ரொக் உலகுக்கு வெளியே நிகழ்ந்தது. பாரிஸில் 1965 அளவில் ஒரு படத்துக்கு ரவிசங்கர் இசையமைத்தபோது, அதை மேற்கத்தைய இசைக் குறியீட்டில் எழுத அமர்ந்தவர் இளைஞர் ஃபிலிப் கிளாஸ். அவர் வழக்கப்படி கோடு போட்டு மாத்திரைகளைப் பிரித்தார். வாசித்துக்காட்டினால் ஒவ்வொரு முறையும் பிழை. எல்லாச் சுரங்களும் சமம் என்று அல்லா ரக்கா திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டேயிருந்தார். கடைசியில் கிளாஸ் கோடுகளையெல்லாம் அழித்தார். இரண்டும் மூன்றுமாக எண்ணிக்கை சேர்ந்து சுழலும் தாளம் அப்போதுதான் அவருக்குப் புலப்பட்டது. பின்னாளில் அவர் பெயரோடு சேர்த்துப் பேசப்படும் மினிமலிச இசையின் வேர்களில் ஒன்று அந்த அழித்தல். ஒரு தபேலாக்காரர் சொன்ன மூன்று சொல் ஒரு நூற்றாண்டின் இசையைத் திருப்பியது என்றால் மிகையாகத் தோன்றலாம். கிளாஸே இதை எழுதியிருக்கிறார்.

1967 ஜூன் 18, ஞாயிறு பிற்பகல், மொன்ரரேயில் ரவிசங்கரும் அல்லா ரக்காவும் வாசித்த காட்சி படமாக இருக்கிறது. முடிவில் கூட்டம் எழுந்து நின்று ஆர்ப்பரிக்கிறது. அன்றிரவு அதே மேடையில் ஜிமி ஹென்ட்ரிக்ஸ் கிட்டாரைத் தீயிட்டார். கருவியைத் தொட்டு வணங்கி எடுக்கும் ரவிசங்கருக்கு அது பெரிய அதிர்ச்சி. போதையோடு வந்து ராகம் கேட்பவர்கள் மீது அவருக்கிருந்த கோபமும் வெளிப்படையானது. ஆனால் அலை அவர் சொல்லைக் கேட்கவில்லை. 1968 இல் பீட்டில்ஸ் ரிஷிகேஷ் ஆசிரமத்துக்குப் போனபின் சித்தார், ஊதுபத்தி, யோகம், துளசிமாலை எல்லாம் ஒரே பொதியாகக் கட்டப்பட்டு விற்பனைக்கு வந்தன. ஹரிசனே சித்தாரில் தேர்ச்சிபெற ஆயுள் போதாது என்று கண்டு கிட்டாருக்குத் திரும்பினார். பொதி மட்டும் நின்றுவிட்டது.

அந்தப் பொதிக்குள் இடம் கிடைக்காதவர் ஒருவர் உண்டு. இன்றைய பங்களாதேஷின் பிராமன்பாரியா பகுதிச் சிப்பூரில் பிறந்து, சிறுவயதில் இசைக்காக வீட்டைவிட்டோடி, ராம்பூரின் வஸீர் கானிடம் காத்துக்கிடந்து கற்ற அலாவுத்தீன் கான். மைஹர் சமஸ்தானத்தில் இருந்தார். அநாதைப் பிள்ளைகளைக் கூட்டி ஒரு வாத்தியக்குழு அமைத்தார். அலி அக்பர் கான் அவர் மகன். ரவிசங்கர், ஐரோப்பிய நடனமேடை வாழ்க்கையை உதறிவிட்டு 1938 இல் அவரிடம் போய் வருடக்கணக்கில் கிடந்த மாணவர். 1941 இல் மருமகனும் ஆனார். மகளுக்கு வீட்டுப்பெயர் ரோஷனாரா. மன்னர் வைத்த பெயர் அன்னபூர்ணா. சுர்பஹார் வாசித்த அவர், மணவாழ்வு கசந்த காலத்தில் மேடையைத் துறந்து, மூடிய வீட்டுக்குள் நிகில் பானர்ஜியையும் ஹரிபிரசாத் சௌராசியாவையும் உருவாக்கினார். 2018 இல் மும்பையில் காலமானார்.

ரவிசங்கர் இதை மறைத்தார் என்று சொல்வது அநியாயம். தமது நூலில் ‘பாபா’ என்று உருகி உருகி எழுதியிருக்கிறார். கேட்டவர்கள்தான் தங்களுக்கு வேண்டியதை மட்டும் கேட்டார்கள். வேண்டாததைக் கேட்பதற்கு நாங்களாவது இருந்திருக்கலாம். நாங்களும் இல்லை. அதே காலத்தில் விலாயத் கான் பத்மஸ்ரீ, பத்மபூஷண் இரண்டையும் திருப்பியனுப்பிவிட்டு, சித்தாரைப் பாடவைத்துக்கொண்டிருந்தார். 2000 இல் பத்மவிபூஷணையும் மறுத்தார். 2004 இல் அவர் மறைந்தபோது நம் இதழ்களில் ஒரு பெட்டிச் செய்தியைக்கூட நான் காணவில்லை. அந்த வருடமும் நான் அமீர் குஸ்ரூவையே பேசிக்கொண்டிருந்தேன்.

“நம்மவர்” என்று அலாவுத்தீன் கானைத் தூக்கிக்கொண்டு ஓடவும் முடியாது. ஐவேளை தொழுதவர் அவர். மைஹர் மலைமேல் உள்ள சாரதாதேவி கோயிலுக்கும் போய்வந்தார். எங்களூர் ஜமாஅத்தில் அவரைப் பேச அழைத்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன். இன்றைய இந்தியாவின் சில மேடைகளிலும் அவர் பாடு சுலபமாக இராது.

பங்களாதேஷ் கசெட்டுக்குத் திரும்புகிறேன். சேரிடம் அதை இரவல் வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். வாப்பா அட்டையைப் பார்த்தார். “பாகிஸ்தான உடைக்கப் படிச்ச பாட்டா இது?” என்றார். அவர் தலைமுறைக்கு 1971 அப்படித்தான். தன் வான்வெளியில் பாகிஸ்தான் விமானங்கள் பறப்பதை இந்தியா தடைசெய்தபோது, கிழக்குக்குப் போன பாகிஸ்தானிய விமானங்கள் கட்டுநாயக்காவில் இறங்கி எண்ணெய் நிரப்பிக்கொண்டு போயின. அந்த விமானங்கள் எதற்காகப் போயின என்று எங்கள் ஊர்களில் யாரும் கேட்கவில்லை. அங்கே கொல்லப்பட்டவர்களில் இந்துக்களும் முஸ்லிம்களும் இருந்தார்கள். ஏறக்குறைய ஒரு கோடிப் பேர் இந்தியாவுக்கு ஓடினார்கள். அதற்கு முந்திய நவம்பரில் வந்த சூறாவளி வேறு இலட்சக்கணக்கானோரைக் கொண்டுபோயிருந்தது. அலி அக்பர் கான் பிறந்த மண் அது. ரவிசங்கரின் தந்தைவழியும் கிழக்கு வங்கமே. தன் மக்களுக்கு ஏதாவது செய்யவேண்டும் என்று ரவிசங்கர் ஹரிசனிடம் கேட்டதால்தான் 1971 ஓகஸ்ட் 1 அன்று மடிசன் சதுக்கத்தில் இரண்டு காட்சிகள் நடந்தன. நாற்பதினாயிரம் பேர் வந்தார்கள். நுழைவுச்சீட்டில் சேர்ந்த இரண்டு இலட்சத்து நாற்பத்து மூவாயிரம் டொலர் யுனிசெஃப்புக்குப் போனது. இசைத்தட்டு விற்ற பணம் அமெரிக்க வரித் திணைக்களத்தோடு வந்த இழுபறியால் வருடக்கணக்கில் முடங்கியது.

வாப்பாவிடம் நான் இதையெல்லாம் அன்று சொல்லவில்லை. எனக்கும் அப்போது தெரியாது. சூறாவளியை மட்டும் சொன்னேன். 1978 நவம்பர் 23 இரவு எங்கள் கூரை போனதை அவர் மறந்திருக்கவில்லை. “அப்படியா” என்றார். கசெட்டைப் போடச் சொல்லவுமில்லை, நிறுத்தச் சொல்லவுமில்லை. தபேலா வேகமெடுத்தபோது அவர் திண்ணையில் இருந்தபடி விரலால் தட்டிக்கொண்டிருந்ததை உம்மாதான் எனக்குக் கண்காட்டினார்.

1985 இற்குப் பின்னர் வினாயகபுரம் பாதையில் எங்கள் போக்குவரத்துக் குறைந்தது. 1990 இற்குப் பின்னர் இல்லையென்றே ஆனது. கசெட்டைத் திருப்பிக் கொடுக்க எனக்குப் பல வருடங்கள் சென்றன. 2004 டிசம்பர் 26 அன்று கடல் சேரின் வீட்டுக்குள்ளும் வந்தது. உயிர்கள் தப்பின. அந்தக் கசெட்டும் மற்றவைகளும் போயின.

போன வருடம் சேரைப் பார்க்கப் போயிருந்தேன். வயது எண்பதைத் தாண்டிவிட்டது, காது கொஞ்சம் மந்தம். மலரில் எழுதிய குஸ்ரூ பிழையைச் சொன்னேன்.

“அத நான் அப்பவே வாசிச்சன் தம்பி” என்றார். “பிழை எண்டும் தெரியும். ஆசையா எழுதியிருந்தீங்க. அதான் சொல்லல்ல.”

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. கைபேசியில் விலாயத் கானின் தர்பாரி ஒன்றைப் போட்டு மேசையில் வைத்தேன். சேர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு காதைக் கிட்டே கொண்டுவந்தார். முடியும்வரை பேசவில்லை. முடிந்ததும் கைபேசியைக் கையிலெடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, “இதுக்கு மற்றப் பக்கம் இல்லையா தம்பி?” என்று கேட்டார்.